கொழும்புப் புறநகரில் மயில்கள் எப்படி வந்தன? கார்க் கண்ணாடியை ஏன் கொத்துகின்றன?

பத்தரமுல்லையில் எங்கள் மதிலிலும் இரண்டு மயில்கள் ஏறி நிற்கும். யாரோ வளர்த்துத் தப்பியவை என்று நினைக்க வேண்டாம். மயில் இலங்கையின் உலர் வலயப் பறவை. யால, கதிர்காமம் பக்கம்தான் முன்பு அதிகம். கடந்த சில பத்தாண்டுகளில் காடு வெட்டித் திறந்த நிலம் பெருகியது, குஞ்சைப் பிடிக்கும் நரிகள் குறைந்தன. அப்படியே ஈர வலயத்துக்குள்ளும் பரவிவிட்டது. கைவிட்ட வயல், பற்றை வளவு, புழு பூச்சி எல்லாம் இங்கேயும் உண்டே.

விடியற்காலை அகவல் இனப்பெருக்கக் காலத்தில்தான் கூடும். அப்புறம் ஆண் மயில் தோகையை உதிர்த்துவிட்டு அடங்கிவிடும்.

சரி, கார்? கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் போட்டி மயில் என்று எண்ணித்தான் கொத்துகிறது. துணியால் மூடினால் போதும். பிடிக்கவோ முட்டையை எடுக்கவோ வேண்டாம், சட்டம் பாதுகாக்கும் பறவை. தயவுசெய்து சோறும் போடாதீர்கள். பழகிவிட்டால் தெருவில் வாகனத்துக்குப் பயப்படாது.