எல்டர்பெர்ரி சிரப்பும் எட்டு மாதப் பேரனும்

நீங்கள் பேரனுக்கு விஷம் கொடுக்கவில்லை அம்மா. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

ஜெர்மனியிலிருந்து மருமகன் கொடுத்தனுப்பிய எல்டர்பெர்ரி என்ற ஐரோப்பியக் கறுப்புப் பழத்தின் வற்றலைக் காய்ச்சி, சித்தேரி மலைத்தேன் கலந்து, சளி பிடித்த எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு நாள் கொடுத்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் யாரோ செல்போனில் ‘அதில் சயனைடு இருக்கிறது’ என்று ஒரு வீடியோவைக் காட்ட, உங்கள் தூக்கம் போய்விட்டது. இப்படிப் பாதி உண்மையைச் சொல்லிப் பாட்டிமார்களை அழ வைக்கும் வீடியோக்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

பாலக்கோட்டில் மரவள்ளி விளையும் ஊரில் இருக்கிறீர்கள். அதன் இலையையும் தோலையும் தின்ற ஆடு செத்துப்போவது உங்களுக்குத் தெரியும். உடலுக்குள் போய் சயனைடாக மாறும் பொருள் அதிலும் உண்டு. ஆனாலும் கிழங்கைத் தோல் உரித்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு நாம் சாப்பிடத்தான் செய்கிறோம். எல்டர்பெர்ரியும் அதே மாதிரிதான். இலை, தண்டு, விதை, பச்சைக்காய் இவற்றில்தான் ஆபத்து. 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர்கள், காட்டில் பறித்த பழத்தை இலை, கிளையோடு சேர்த்துப் பிழிந்து, காய்ச்சாமல் குடித்தார்கள். வாந்தி, தலைசுற்றல் என்று எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். நீங்களோ முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்து, விதையை நசுக்காமல் துணியில் வடிகட்டியிருக்கிறீர்கள். சரியான முறை அதுதான். குழந்தைக்கு மலம் கறுப்பாகப் போனதாக எழுதியிருந்தீர்களே, அது பழத்தின் சாயம். ‘உடம்புக்குச் சூடா, குளிர்ச்சியா’ என்று நீங்கள் கேட்ட கேள்வியை விட்டுவிடுங்கள்.

நான் பதறியது உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்து. ‘அன்றைக்கு ராத்திரி மட்டும் பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு மூச்சு வாங்கினான்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசினேன். பையன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அடுத்த முறை அந்த நேரத்தில் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது முடியும்வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரியைக் கடத்திவிட்டு, உதடு நீலம் பாரித்த பிறகு தூக்கி வரப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவே இல்லை. அது தேன். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம், நாக்கில் தடவுவதும் வேண்டாம். பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. பெரியவர்களின் குடல் அதைச் சமாளித்துவிடும், கைக்குழந்தையின் குடலால் முடியாது. மலைத்தேன் சுத்தமானது என்பதால் இது மாறிவிடாது. இந்த நோய் வருவது மிக அபூர்வம், அதனால் பயந்துகொண்டே இருக்க வேண்டாம். தேன் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் மட்டும் கவனியுங்கள். மலச்சிக்கல், அழுகுரல் மெலிவது, பால் உறிஞ்ச வலுவில்லாமல் போவது, இமை சொருகுவது, தலை நிற்காமல் துவள்வது, இதில் எது தெரிந்தாலும் தேன் கொடுத்த விஷயத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சளிக்கு இந்தப் பழம் கேட்குமா? ஐரோப்பாவில் பூவைக் கஷாயம் வைத்துக் காய்ச்சலுக்கு வியர்க்கக் குடிப்பார்கள், பழத்தைச் சிரப்பாக்கிச் சளிக்குக் கொடுப்பார்கள். நமக்குத் தூதுவளை, கற்பூரவள்ளி மாதிரி அவர்களுக்கு இது. சில சிறிய ஆய்வுகள் ஃப்ளூ சீக்கிரம் குறைவதாகச் சொன்னாலும், 2020ல் வெளியான அமெரிக்க ஆய்வில் பலன் தெரியவில்லை. பேரனுக்குச் சளி பிடித்தால் தாய்ப்பாலும், மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்தும் போதும். வேறு பிள்ளைக்கு வாங்கி மீந்துபோன இருமல் சிரப்பை மட்டும் எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

மீதி இருக்கும் சிரப்பை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் வீட்டுப் பெரியவர்கள் குடித்துத் தீர்க்கலாம். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் நீங்கள் குடிக்க வேண்டாம். வற்றல் தீர்ந்துபோனால், ஏரிக்கரை உண்ணிச்செடியில் தொங்கும் கறுப்புப் பழத்தை அதுதான் இது என்று பறித்துக் காய்ச்ச வேண்டாம். அது வேறு செடி, அதன் பச்சைக்காய் விஷம்.