நாற்றை அறுக்கும் நத்தை: தண்ணீரை ஏற்றாதீர்கள், வடியுங்கள்

கேள்வி: பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தில் நெல் வயலைப் பார்த்துக்கொள்கிறேன். நட்ட நான்காம் நாளே நாற்றுகள் ஆங்காங்கே காணவில்லை. வரப்போரச் செடிகளில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள். நத்தை மூழ்கிச் சாகட்டும் என்று தண்ணீரை ஏற்றிக் கட்டினேன், சேதம் கூடிவிட்டது. மருந்து போடலாமா?

பதில்: ஏற்றிக் கட்டியதுதான் தப்பு. இது தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இதை 1980களில் உணவுக்காக அங்கே கொண்டுவந்தார்கள், வாய்க்காலுக்குத் தப்பிவிட்டது. செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு, மூழ்கியெல்லாம் சாகாது. தண்ணீர் நின்றால்தான் தாராளமாக நகர்ந்து நாற்றின் அடித்தண்டை அறுக்கும்.

நட்ட பயிருக்கு முதல் 15 நாள்தான் கண்டம். அதுவரை தண்ணீர் 2 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்றாக, 25 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்தில் சிறு கால்வாய் எடுங்கள். வயல் வடியும்போது நத்தைகள் அதில் வந்து கூடும். பப்பாளி இலையைப் போட்டால் இன்னும் வேகமாக மொய்க்கும். காலையிலும் சாயங்காலத்திலும் பொறுக்குங்கள், கையுறையோடு. எலியின் நுரையீரல் புழுவை இது சுமக்கும், மனிதருக்கு மூளையுறை அழற்சி வரும்.

வயல் முழுக்கக் காய்ந்தாலும் நத்தை மூடியை இறுக்கிச் சேற்றில் புதைந்து மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் அடுத்த போகத்திலும் இதே வேலைதான். வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையில் கம்பி வலை கட்டாவிட்டால் நீங்கள் பொறுக்குவதற்கு ஈடாக வாய்க்கால் அனுப்பிக்கொண்டே இருக்கும். வலையில் குப்பை அடைக்கும். தினமும் தட்டிவிட வேண்டும்.

முட்டைக்கு மூங்கில் குச்சிகளை வரப்போரம் ஊன்றுங்கள், அதில் ஏறி இடும். ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும் என்பதால் வாரம் இருமுறை சுரண்டி நசுக்குங்கள். முட்டையில் நஞ்சு உண்டு, வெறுங்கை வேண்டாம். வெள்ளை முட்டை கண்டால் விட்டுவிடுங்கள், அது உள்ளூர்க் குஹோல் நத்தையுடையது.

மருந்து கடைசியில்தான். நத்தை மருந்தான நிக்ளோசமைடு மீனையும் கொல்லும். இன்னொரு நத்தை மருந்தான மெட்டால்டிஹைடு கலந்த இரையைத் தின்றால் நாய் செத்துப்போகும். நத்தையைத் தின்ன வாத்து நல்லதுதான், ஆனால் நட்டு 30, 35 நாளுக்குப் பிறகே இறக்குங்கள்; முன்னால் விட்டால் நாற்றை மிதித்துவிடும்.

நாற்றுப் போன இடங்களில் உடனே நடாதீர்கள். இரண்டு நாள் பொறுக்கியபின் 25 முதல் 30 நாள் வயதான, தண்டு தடித்த நாற்றாகப் பார்த்து நடுங்கள்.