ராணுவ மருத்துவப் பணியாளர்களின் நோய்த்தடுப்புச் சந்தேகங்கள்: கேள்வி பதில்

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலூர் கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஃபவுஜி, அதாவது ராணுவக்காரர். லீவில் வருகிற மெடிக்கல் தம்பிகள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி (குடியாத்தம்): அண்ணே, அஸ்ஸாமில் மலேரியா வராமல் இருக்க தினமும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டோம். ஊருக்கு வந்துவிட்டேன், நிறுத்தலாமா?

கூடாது. கிளம்பிய பிறகும் 4 வாரம் போட வேண்டும். மலேரியாக் கிருமி முதலில் ஈரலில் வளர்ந்து, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். அது வெளியே வரும்போது மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். வைவாக்ஸ் வகை மாதக்கணக்கில் ஈரலிலேயே தூங்கும், அதை டாக்ஸி தொடாது. அதனால் பொங்கலுக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதலில் அஸ்ஸாம் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆற்காடு): குடிதண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடணும் என்று பார்க்கிற ஹாராக்ஸ் டெஸ்ட் செய்யத் தெரியும். ஆனால் ஏன் என்று ஜவான் கேட்டால் முழிக்கிறேன்.

நல்ல கேள்வி. பாதிப் பேர் கோப்பையை எண்ணுவதோடு சரி. கறுப்புக் கோப்பையில் 2 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைசல். ஆறு வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் அதை ஒன்று, இரண்டு என்று ஏறுவரிசையில் ஆறு சொட்டு வரை விட்டு, அரை மணி கழித்து, குளோரின் மிச்சமிருந்தால் நீலமாக்கும் இண்டிகேட்டர் விடுகிறோம். முதலில் தெளிவாக நீலமாவது மூன்றாவது கோப்பை என்றால், கோப்பைக்கு 2 கிராம் கணக்கில் 455 லிட்டருக்கு 6 கிராம் பவுடர்.

முதல் இரண்டு ஏன் நீலமாகவில்லை? அந்தக் குளோரினை அழுக்கே தின்றுவிட்டது. மூன்றாவதில்தான் மிச்சம் நிற்கிறது. அழுக்கு இடத்துக்கு இடம் மாறும், திறந்து வைத்த பவுடரும் வீரியம் இழக்கும். நேற்றைய அளவை இன்று போடாததற்குக் காரணம் இதுதான். ‘வாடை வருது சார்’ என்று தண்ணீரைக் கொட்டுகிறவனிடம், அந்த வாடைதான் காவல் என்று சொல்லுங்கள். அரை மணி பொறுக்காமல் பாட்டிலில் பிடிக்கிறவனைத் திட்டவே செய்யலாம்.

கேள்வி (காட்பாடி): நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் ரத்தத்தைப் பிதுக்கி எடுக்கலாமா?

வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் போகவே கூடாது. தொடங்கினால் 28 நாள். சீனியர் திட்டுவார் என்று மறைக்கிற தம்பிகளை நினைத்தால்தான் எனக்குக் கோபம்.

கேள்வி (ஆம்பூர்): லீவில் அப்பாவோடு கொல்லையில் புல் அறுத்தேன். பத்து நாளில் காய்ச்சல். டெங்கு இல்லையாம்.

ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். நம் வேலூர்ப் பக்கம் அது புதிதல்ல, மழை முடிந்த குளிர்மாதங்களில் அதிகம். புதரில் இருக்கும் மைட் என்ற சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. அக்குள், தொடையிடுக்கு, பெல்ட் படுகிற இடம் எல்லாம் பாருங்கள்: சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு, வலியே இருக்காது. இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. தடுப்பூசி கிடையாது, டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும். இன்றே போய் டாக்டரைப் பாருங்கள், புல் அறுத்ததையும் சொல்லுங்கள்.