அஞ்சு வயசுப் பையனுக்கு புல், எறும்பு, இடி எல்லாமே பயம், வெளியில எப்படி பழக்குறது?

கேள்வில சொல்லியிருக்கீங்க, பார்க்குக்கு கூட்டிட்டு போனா புல்லுல கால் வைக்க மாட்டேங்கிறான், ஒரு எறும்பு தெரிஞ்சா போதும் தூக்கு தூக்குனு இடுப்புல ஏறிக்கிறான், இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிறான்னு. இதுல பாதி இந்த வயசுக்கு நார்மல்தாங்க. ரெண்டு வயசுலேர்ந்து ஆறேழு வயசு வரைக்கும் மிருகம், பூச்சி, இருட்டு, இடி இதுக்கெல்லாம் பயப்படாத குழந்தைதான் கம்மி, முக்கால்வாசி பேருக்கு வளர வளர தானா விட்டுப்போயிடும். விடாம ஒட்டிக்கிட்டு இருக்குன்னா பல நேரம் அதுக்கு தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கிறது பக்கத்துல நிக்கிற பெரியவங்கதான், இது உங்களைக் குத்தம் சொல்ல சொல்லல, எல்லா வீட்லயும் இதான்.

ஏன்னா சின்னப் புள்ளைங்க ஒரு புது விஷயத்தைப் பாத்த உடனே அடுத்து திரும்பிப் பாக்குறது நம்ம மூஞ்சியைத்தான். 2002ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, ஒன்றரை வயசு சுமார் குழந்தைங்ககிட்ட ரப்பர் பாம்பும் ரப்பர் சிலந்தியும் காட்டி, அம்மாக்களை மூஞ்சியில பயமும் அருவருப்பும் காட்டச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அதே பொம்மையைத் திரும்ப காட்டுறப்ப அம்மா சும்மா சாதாரணமாதான் இருந்தாங்க, ஆனா குழந்தைங்க கிட்ட போகல. பொம்மைக்கே இப்படின்னா, நாம நாள் பூரா "ச்சீ கை வைக்காத", "அய்யய்யோ பூச்சி", "இருட்டுல போனா கடிச்சிடும்"னு சொல்றது எவ்ளோ சேரும்னு பாத்துக்கோங்க. உங்களுக்கே கரப்பான்னா அலர்ஜின்னா தைரியசாலி மாதிரி நடிக்காதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க. வீட்ல யாருக்கு பயம் இல்லையோ அவங்களை கூட அனுப்புங்க, தாத்தாவோ சித்தப்பாவோ யாரா இருந்தாலும் சரி.

அடுத்தது, தயவு செஞ்சு "ஒண்ணும் பண்ணாதுடா தொட்டுப் பாரு"னு கையைப் புடிச்சு இழுக்காதீங்க. பயந்த குழந்தைக்கு தேவைப்படுறது தூரம், அந்த தூரத்தை எப்ப குறைக்கணும்னு முடிவு பண்ற உரிமையும் அவனுக்குதான் இருக்கணும். இது 1924லயே தெரிஞ்ச விஷயம், மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், பீட்டர்னு மூணு வயசு ஆகப்போற ஒரு பையன், முயல்னா அலறுவான், ரோமக் கோட்டு பஞ்சு பாத்தா கூட பயம். அவங்க என்ன பண்ணாங்கன்னா பையன் புடிச்சதை சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்ப கூண்டோட முயலை தூரத்துல வச்சு, அவன் அலட்டிக்காத அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்க, பயப்படாத மத்த பசங்களையும் கூட விளையாட விட்டாங்க. கடைசியில முயல் அவன் விரலைக் கொறிக்க விடுற அளவுக்கு வந்துட்டான். இன்னைக்கும் டாக்டருங்க பண்றது கிட்டத்தட்ட இதே வழிதான்.

எங்க அக்கா பொண்ணுக்கு வழுவழுன்னு இருக்கிற எது மேலயும் ஒரே அருவருப்பு. பயத்தை விட அருவருப்பு மோசம்ங்க, பேசிப் புரிய வச்சாலும் சட்டுனு போகாது. மழை விட்ட அப்புறம் ஒரு நத்தையை எடுத்து காலி கண்ணாடி ஜாடியில போட்டு வாயில வலைத்துணி கட்டி மேசையில வச்சேன், அவளை வா போன்னு ஒரு வார்த்தை சொல்லல, நான் பாட்டுக்கு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். வாசப்படியிலேர்ந்து பாத்தா, அப்புறம் நாற்காலிக்கு பின்னாடி வந்து நின்னா. நத்தை கண்ணாடி மேல ஏற ஆரம்பிச்சதும் அதோட அடிப்பக்கம் நமக்கு தெரியும் இல்லையா, பாதத்துல வாலுலேர்ந்து தலை பக்கமா பட்டை பட்டையா அலை ஓடும், நகர்றதே அப்படித்தான். அதைப் பாத்ததும் மூக்கு கண்ணாடியில ஒட்டுற அளவுக்கு வந்துட்டா. அந்த ரெண்டு நீளக் கொம்பு நுனியில இருக்கிற கருப்புப் புள்ளிதான் கண்ணுன்னு சொன்னேன், "அப்ப அது என்னைப் பாக்குதா?"ன்னு கேட்டா. வெளிச்சம் இருட்டு தெரியும், அதைத் தாண்டி பெருசா ஒண்ணும் தெரியாதுன்னேன். அதுக்கு அவ ரொம்ப நேரம் கையை ஜாடி முன்னாடி ஆட்டி ஆட்டி நிழல் காட்டி டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தா. அன்னைக்கு தொடவே இல்ல, நானும் கேக்கல. நத்தையை எடுத்த எடத்துலயே விட்டுட்டு சோப்பு போட்டு கை கழுவிக்கணும், அதுல ஒட்டுண்ணி இருக்கலாம்.

கை கழுவுறதுன்னதும் ஞாபகம் வருது, எதுவுமே ஒண்ணும் பண்ணாதுன்னு பொய் சொல்லிடாதீங்க. ஒரு தடவை கடி வாங்கினா அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டான். பூரான் கடிக்கும், மரவட்டை கடிக்காது சுருண்டுக்கும், கம்பளிப்பூச்சி முடி பட்டா அரிக்கும், பொந்துக்குள்ளயும் கல்லுக்கு அடியிலயும் கை விடக்கூடாது, தெரியாத நாய் கிட்ட வந்தா ஓடாம முறைச்சுப் பாக்காம மரம் மாதிரி நிக்கணும். இந்த மாதிரி எது ஆபத்து எது இல்லன்னு பிரிச்சு சொல்லிட்டா குழந்தைக்கு மத்ததெல்லாம் லேசாயிடுது, மொத்தமா எல்லாமே பயம்னு இருந்தது நாலஞ்சு விஷயமா சுருங்கிடும்.

புல்லு விஷயம் பயமாவே இல்லாம இருக்கலாம், சில குழந்தைங்களுக்கு பாதத்துல குத்துற மாதிரி கூசும். முதல்ல சாக்ஸோட நடக்கட்டும், இல்ல ஒரு பாயை விரிச்சு அதுல உக்கார வச்சு விளையாட விடுங்க, குதிகால் தானா பாயை விட்டு வெளிய போகும். மண்ணு சேறு எல்லாத்துக்கும் இதே கதைதான்.

இடிக்கு ஒரு வேலை குடுங்க. மின்னல் வெட்டினதும் எண்ண ஆரம்பிக்கச் சொல்லுங்க, சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் தான் வரும், அதனால மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர்னு கணக்கு. ஒன்பது எண்ணினா மூணு கிலோமீட்டர் தள்ளி. 30 எண்ணுறதுக்குள்ள இடி கேட்டா உள்ள போயிடணும், அந்த ரூலையும் அவனே வீட்ல எல்லாருக்கும் அமல்படுத்தட்டும், அந்த அதிகாரம் கெடைச்சா கட்டிலுக்கு அடியில போக டைம் இருக்காது. இருட்டுக்கு டார்ச்சை அவன் கையில குடுங்க, உங்க கையில இல்ல. கொஞ்ச நேரம் அணைச்சு வச்சுப் பாக்கலாமான்னு கேளுங்க, வேணாம்னா வேணாம். கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20 நிமிஷத்துக்கு மேல ஆகும், மெதுவா மரம் செடியெல்லாம் தெரிய ஆரம்பிக்கிறதை அவனே சொல்லுவான்.

இன்னொண்ணு, என் சொந்த அபிப்ராயம். காடு அழியுது, கடல்ல பிளாஸ்டிக், பூமி சூடாகுதுன்னு அஞ்சு வயசுக்கு பாடம் எடுக்காதீங்க. ஒரு வண்டைக் கூட நிம்மதியா பாக்காத குழந்தைக்கு அது இன்னொரு பயம், அவ்ளோதான். சிங்கம் மானைக் கிழிக்கிற வீடியோவும் இப்போதைக்கு வேணாம்.

இவ்ளோ பண்ணியும் ஆறு மாசத்துக்கு மேல அதே தீவிரத்துல இருக்கு, ஸ்கூலுக்கு போக மாட்டேங்கிறான், தூங்க மாட்டேங்கிறான், வீட்டை விட்டு வெளிய வரவே மறுக்கிறான்னா குழந்தைங்க மனநல டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. புல்லு மட்டும் இல்லாம துணி லேபிள், நகம் வெட்டுறது, தலை சீவுறது எல்லாத்துக்கும் கத்துறான்னா அதையும் மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது வேற ரூட்ல பாக்க வேண்டிய விஷயம்.