உறைபனியில் கேரவன் குழாய்கள்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, குளிர்நாட்டில் கேரவனில் குடியிருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதியவை.

மகன் கனடாவின் கால்கரியில் கேரவனில் இருக்கிறான். கேஸ் செலவைக் குறைக்க மின்சார ஹீட்டர் வாங்கினான். உள்ளே 22 டிகிரி. அப்படியும் குழாய் உறைந்துவிட்டதாம், எப்படி? (செந்தூல்)

ஒவ்வொரு டிசம்பரிலும் இதே கேள்வி வருகிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அம்மா, 22 டிகிரி இருப்பது உங்கள் மகன் உட்கார்ந்திருக்கும் இடத்தில். தண்ணீர் இருப்பது வண்டியின் தரைக்கடியில். தொட்டிகளும் முக்கால்வாசிக் குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன. கேஸ் ஃபர்னஸ் ஓடினால் அதன் சூட்டுக் காற்றில் ஒரு பங்கு கீழேயும் போகும். குளிர்காலத்துக்கென்று கட்டும் வண்டிகளின் அமைப்பே அதுதான். மின்சார ஹீட்டர் அறையைச் சூடாக்கிவிட்டால், அறைச் சூட்டைப் பார்த்து இயக்கும் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை எழுப்பாது. மேலே ஆள் சுகமாகத் தூங்குவார், கீழே மைனஸ் 15.

உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும். குழாய்கூடச் சற்று நெளிந்து கொடுக்கும். இணைப்பும் வால்வும் பம்ப்பும் கொடுக்காது. நான் எட்மண்டனில் இருந்தபோது பக்கத்து வண்டித் தம்பதி மாதம் 50 டாலர் கேஸை மிச்சம் பிடித்தார்கள். பிப்ரவரியில் பம்ப், வடிகட்டி, இரண்டு வால்வு மாற்ற 600 டாலர் போனது. ஹீட்டரே கூடாது என்று சொல்லவில்லை, துணைக்கு இருக்கட்டும். ஃபர்னஸ் ஓடியே ஆக வேண்டும். வண்டியின் அடியைச் சுற்றித் தரை வரை நுரைப்பலகை வைத்து மறைக்கச் சொல்லுங்கள். அப்புறம், தரைக்கடியில் ஒரு வெப்பமானி. 20, 30 டாலர்தான். உள்ளிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

குழாய்களுக்கு நுரை உறை சுற்றியாகிவிட்டது. இனிப் பயமில்லைதானே? (செராஸ்)

ஐஸ்பெட்டியில் வைக்கும் பாட்டிலுக்குச் சட்டை மாட்டிப் பாருங்கள். தாமதமாக உறையும், அவ்வளவுதான். உறை சூட்டைக் காக்கும், சூட்டை உண்டாக்காது. முதலில் மின்சாரத்தில் சூடாகும் சூட்டு நாடா, அதன்மேல் நுரை. தானே சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையாக வாங்குங்கள். மற்ற வகையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் தீப்பிடிக்கலாம். வண்டி நிறுத்தும் முகாமின் தண்ணீர்க் குழாய்த் தலையையும் மறக்காதீர்கள், பலருக்கு முதலில் உறைவது அதுதான். தரைக்கடியில் வெப்பமானி வைத்தாயிற்றா?

கழிவுநீர் வால்வைத் திறந்தே வைத்தால் தண்ணீர் தேங்காது, உறையாது அல்லவா? (அம்பாங்)

தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மெல்லிய ஒழுக்குதான் முதலில் உறையும். படலம் படலமாக ஏறிக் குழாயையே அடைத்துவிடும். மூடி வையுங்கள், தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள்.

கார் கூலண்ட் மிச்சம் இருக்கிறது. உறையாமலிருக்கக் குழாயில் ஊற்றலாமா? (கெப்போங்)

கூடாது. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், விஷம். கேரவனுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் விற்பது புரோப்பிலீன் கிளைக்கால். அதுவும் வண்டியைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு. குடியிருப்பவர் கழிவுத் தொட்டியில் கொஞ்சம் ஊற்றலாம், குடிநீர்க் குழாயில் வேண்டாம்.

குழாய் உறைந்துவிட்டது. அவசரம், உடனே பதில் தேவை. (பிரிக்பீல்ட்ஸ்)

எந்தக் குழாய்? ஒரு குழாயில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? அவசரம் என்று எழுதத் தெரிந்தவர் இதையும் எழுதியிருக்கலாம். எல்லாம் நின்றுபோனால், முகாமிலிருந்து வண்டிக்கு வரும் வெளிக் குழாயைப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்தக் கிளை. குழாயின் திருகைத் திறந்துவைத்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கி முடி உலர்த்தியால் மெல்லச் சூடு காட்டுங்கள். தீச்சுடர் வேண்டவே வேண்டாம். பனி உருகும்போது பக்கத்திலேயே இருங்கள், விரிசல் அப்போதுதான் ஒழுகும். சமையல் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

இரவில் வெளிக் குழாயைக் கழற்ற வேண்டுமா? (செத்தாப்பாக்)

மின்சாரத்தில் சூடாகும் வகைக் குழாய் இல்லையென்றால், ஆம். தொட்டியை நிரப்பி, குழாயைக் கழற்றி வடித்துவிட்டு, பம்ப்பில் ஓட்டுங்கள்.

அந்தக் குளிரில் கேஸே உறைந்துவிடாதா? (பத்துமலை)

நம் மலேசியச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே பியூட்டேன் ஆவியாவது நின்றுவிடும். கனடாவில் கேரவனுக்கு நிரப்புவது புரோப்பேன், மைனஸ் 42 வரை ஆவியாகும். ஆனால் மைனஸ் 30-இல் அழுத்தம் தளரும், அதுவும் சிலிண்டர் காலியாகும் தறுவாயில். பாதி குறைந்ததுமே நிரப்பச் சொல்லுங்கள்.

ஜூலைக் குளிரில் நியூசிலாந்து தென் தீவில் கேம்பர்வேன் எடுத்தோம். காலையில் சுடுநீர் முழுக்கத் தரையில் கொட்டிக் கிடந்தது. வண்டி பழுதா? (செந்தூல்)

பழுதாக இருக்காது. சில வண்டிகளின் சுடுநீர்த் தொட்டியில் உறைபனி வால்வு உண்டு. 3, 4 டிகிரிக்கு வந்ததும் தானே திறந்து தொட்டியைக் காலி செய்துவிடும். இரவில் ஹீட்டரைக் குறைவாகவாவது ஓடவிடுங்கள், வால்வு மூடியே இருக்கும்.