கைடு டூர்: எந்த இடத்துக்கு வேண்டும், எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய பெற்றோர், ஒன்பது வயது மகள் உட்பட ஐந்து பேர் பாரிஸுக்கும் ரோமுக்கும் போகிறோம். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம், ரோமில் கொலோசியம் என்ற பழைய அரங்கம், வத்திக்கான் அருங்காட்சியகம் மூன்றுக்கும் கைடு டூர் தேடினால் ஏகப்பட்டது வருகிறது. ஒரே இடம்தான், விலை மட்டும் மூன்று நான்கு மடங்கு மாறுகிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூன்று இடத்துக்குமே கைடு எடுக்க வேண்டும் என்றில்லை, சிலவற்றுக்கு மட்டும் எடுத்தால் போதும். இடிபாடு அதிகமாகவும் விளக்கப் பலகை குறைவாகவும் உள்ள இடத்தில்தான் கைடுக்குக் கொடுக்கும் காசு முழுசாகத் திரும்பும். கொலோசியத்தை ஒட்டியிருக்கும் ரோமன் ஃபோரம், அதாவது பழைய ரோமின் பொதுச் சதுக்கம், அப்படிப்பட்டது. தனியாகப் போனால் உடைந்த தூண்களுக்கு நடுவே நடந்துவிட்டு வந்துவிடுவீர்கள். எது கோயில், எது வழக்கு நடந்த மண்டபம், வெற்றி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போனது என்று பக்கத்தில் நின்று ஒருவர் காட்ட வேண்டும்.

கொலோசியம் டிக்கெட்டிலேயே ஃபோரமும் அதன் பக்கத்திலுள்ள பாலடைன் குன்றும் அடக்கம். சிக்கல் இங்கேதான். விளம்பரத்தில் மூன்று பெயரும் இருக்கும். சில டூர்களில் கைடு கொலோசியத்தோடு விடைபெற்றுவிடுவார், ஃபோரத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் கைடு கூட இருப்பார் என்று புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அதேபோல, கொலோசியத்தின் அரங்கத் தளமும் நிலவறையும் சாதாரண டிக்கெட்டில் வராது. ‘அரங்கத் தளம்’ என்று வாங்கினால் நிலவறையும் சேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நிலவறைக்கு அனுமதி உள்ள டிக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

லூவரில் கைடை விட்டுவிடலாம். வழக்கமான இரண்டு மணி நேர டூர்கள் மோனலிசா ஓவியம், மிலோவின் வீனஸ் சிலை, சமோத்ராக்கி வெற்றித் தேவதை சிலை இந்த மூன்றைச் சுற்றியே அமையும். முதலும் கடைசியும் டெனான் பகுதியில் இருக்கின்றன, வீனஸ் அதை ஒட்டிய சுல்லி பகுதியில். வழிகாட்டும் பலகைகளைப் பார்த்தே போய்விடலாம். நேரம் குறித்த டிக்கெட்டும் ஆடியோ கைடும் போதும். காசு கொடுத்தே ஆவதென்றால் எகிப்துப் பிரிவு மட்டும், அல்லது சிறுவர்களுக்கென்றே அமைத்த டூர் என்று குறுகிய பொருளில் எடுங்கள். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. 18 வயதுக்குக் கீழ் நுழைவு இலவசம், கொலோசியத்திலும் அப்படியே. ஆகவே மகளுக்கும் பெரியவர் கட்டணமே போடும் டூரிடம் ஏன் என்று கேளுங்கள்.

‘ஸ்கிப் தி லைன்’ (வரிசையில் நிற்காமல் போகலாம்) என்ற சொல்லுக்குத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய இடங்களில் டிக்கெட் வாங்க ஒரு வரிசை, பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு வரிசை. டூர் தாண்ட வைப்பது முதல் வரிசையை மட்டுமே. அதிகாரப்பூர்வ தளத்தில் நேரம் குறித்து வாங்கிய டிக்கெட்டும் அதையேதான் செய்கிறது. ஸ்கேனர் முன் எல்லோரும் நின்றே ஆக வேண்டும்.

விலையை ஒப்பிட ஒரு கணக்கு. குழு டூரின் தலா விலையிலிருந்து டிக்கெட் விலையைக் கழித்து, மிச்சத்தைத் தலைகளால் பெருக்குங்கள். தலா 60 யூரோ, அதில் டிக்கெட் 20 என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்குக் கைடு கூலி மட்டும் 200 யூரோ. தனி கைடு பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் மொத்தமாகக் கேட்பார். இரண்டும் நெருங்கி வந்தால் யோசிக்காமல் தனி கைடை எடுங்கள். அம்மாவுக்கு உட்கார வேண்டும் என்றால் இருபது பேர் குழு காத்திருக்காது. ஃபோரத்தின் பழைய கல் பாவிய பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். ‘மெதுவாக நடப்பவர்கள் இருவர்’ என்று முன்கூட்டியே சொன்னால் நல்ல கைடு வழியையே மாற்றிப் போடுவார். ‘சிறு குழு’ என்று எண் போடாமல் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமில்லை.

கைடு உரிமம் பெற்றவரா, அல்லது டிக்கெட்டைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிடும் ஆளா என்பதும் முக்கியம். விவரத்தில் ‘ஹோஸ்ட்’, ‘எஸ்கார்ட்’ என்றிருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை. இரண்டு மொழியில் நடக்கும் டூரில் பாதி நேரம் உங்களுக்குப் புரியாத மொழியில் போய்விடும். விமர்சனம் படிக்கும்போது ‘ஓவியங்கள் அற்புதம்’ வகையை ஒதுக்குங்கள், அது டூரைப் பற்றியதல்ல. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் ஹெட்செட் கேட்கவில்லை, கைடு தாமதமாக வந்தார் என்பதை எழுதுவார்கள்.

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே ஐந்து பேர் பெயரையும் கொடுங்கள். இனிஷியலை நீங்கள் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட் வேறுவிதமாகவும் சொன்னால் வாசலில் தகராறு.

வத்திக்கானில் கைடு எடுக்கலாம். கூட்டத்தில் வழி தேடும் வேலை மிச்சம். அருங்காட்சியகச் சுற்றின் பகுதியான சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் கைடுகள் பேசக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. உள்ளே போகுமுன் படப் பலகைகளைக் காட்டி விளக்குவார்கள். அந்த விளக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள், டூரின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். அருங்காட்சியக வாசல் புனித பேதுரு சதுக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றி வடக்கே கால் மணி நேரம் நடக்க வேண்டும், பெற்றோரோடு இன்னும் கூடும். டாக்ஸியை நேராக அந்த வாசலுக்கே விடச் சொல்லுங்கள்.

சிஸ்டைனிலிருந்து புனித பேதுரு பேராலயத்துக்கு நேராக இறங்கும் வழி கைடோடு வரும் குழுக்களுக்கானது. திரும்பவும் வெளியே வரிசையில் நிற்க வேண்டாம் என்பதால் பெற்றோருக்கு இது பெரிய உதவி. ஆனால் சில நாட்களில் மூடிவிடுவார்கள். மூடினால் என்ன ஏற்பாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வழியாகப் போவதாக இருந்தால் பையை அருங்காட்சியக வாசலில் ஒப்படைக்காதீர்கள். அதை எடுக்க மறுபடி மதிலைச் சுற்றி வர வேண்டியிருக்கும்.