மொறிஸ் மைனர் பிக்கப்பை வளவுக்குள் வைத்துத் திருத்துகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மூன்று வருடத்துக்கு மேலாக வேப்பமரத்துக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை போட்டு, 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருக்கிறேன். 948 சிசி எஞ்சின், நாலு கியர். நான் மெக்கானிக் இல்லை, வயரிங் வேலை செய்கிறவன். ஆனால் இப்போது வண்டி ஓடுகிறது, நிற்கவும் செய்கிறது (இரண்டாவதுதான் கஷ்டம்). கேட்டவர்களுக்குத் தனித்தனியாக எழுதிக் களைத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

சுன்னாகம்: அண்ணை, பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். எஞ்சின் வேலை செய்யுது, பொடியும் (வண்டியின் உடலும்) பெரிய பழுதில்லை. முதலில் பெயின்ற் அடித்து வடிவாக்கிவிட்டு மற்ற வேலைகளைப் பிறகு மெதுவாகச் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. நானும் அப்படித்தான் தொடங்கினேன், அந்தப் பெயின்ற் முழுவதையும் பிறகு நானே சுரண்டி எடுத்தேன். மொறிஸ் மைனர் காருக்குத் தனிச் செசி (வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம்) கிடையாது. 1953இல் வந்த வானுக்கும் பிக்கப்புக்கும்தான் பின்பக்கம் வரை ஓடும் செசி வைத்தார்கள். அது பெட்டி மாதிரி உள்ளே வெறுமையானது, அதனால் கறள் உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே கறுப்பு பெயின்ற் பளபளவென்று இருக்கும், உள்ளே மாப்போல உதிர்ந்துபோயிருக்கும்.

வண்டியை நாலு ஸ்ராண்டில் ஏற்றி வை. ஜக்கில் மட்டும் நிற்கிற வண்டிக்குக் கீழே தலையைக் கொடுக்காதே. ஒரு சின்னச் சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு ‘கிண்’ என்று சொல்லும், செத்த இரும்பு ‘தொப்’ என்று சொல்லும். ‘தொப்’ சொன்ன இடத்தில் பழைய ஸ்குறூட்ரைவரால் பலமாகக் குத்து. பின் ஸ்பிறிங் பூட்டுகிற இடம், முன்னுக்குக் குறுக்கே போகிற சட்டம், ஜக் வைக்கிற இடம், கதவுக்குக் கீழ் ஓரம், இவ்வளவையும் விடாதே. என் வண்டியில் பதினொரு ஓட்டை. அதில் ஏழைப் பழைய ஆள் பட்டி வைத்து மூடி, மேலே தார் பூசியிருந்தார்.

ஒட்டுப் போடும்போது கூரைத் தகரத்தில் மிஞ்சிய துண்டை எடுக்காதே. அதில் நாகம் (துத்தநாகம்) பூசியிருக்கும், வெல்டிங் சூட்டில் அது புகையாகி நெஞ்சுக்குள் போனால் இரவு காய்ச்சலில் படுப்பாய். வெறும் இரும்புத் தகடு வாங்கு.

வவுனியா: அப்பப்பாவின் வண்டி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. பதினைந்து வருடமாக நிற்கிறது. புதுப் பற்றரி போட்டு ஸ்ராட் பண்ணிப் பார்க்கலாமா?

பற்றரியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்குத் தனி வரலாறு உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் அது சரிவந்தது. ஆனால் மண்ணெண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். மேலே வால்விலும் பிஸ்டன் தலையிலும் கரி கட்டியிருக்கும்.

ஆகவே முதலில் பழைய ஒயிலை இறக்கி மணந்து பாருங்கள், மண்ணெண்ணெய் மணம் இன்னும் இருக்கலாம். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து இரண்டு மேசைக்கரண்டி விட்டு ஒரு கிழமை அப்படியே விடுங்கள். பிறகு முன்பக்கம் உள்ள ஓட்டையால் ஹாண்டிலை விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கியர் நியூற்றலில்தானா என்று இரண்டு தரம் பார்த்த பிறகு! இறுகி நின்றால் பலம் போடாமல் இன்னுமொரு கிழமை பொறுங்கள். சுற்றத் தொடங்கிய பிறகும் ஸ்ராட் பண்ணாதீர்கள். அடியிலுள்ள ஒயில் தொட்டியை (சம்ப்) கழற்றினால் கறுப்புக் களி விரல் தடிப்புக்குப் படிந்திருக்கும், ஒயில் பம்ப் அதைத்தான் உறிஞ்சப்போகிறது. ஹெட்டையும் கழற்றிக் கரியை எடுத்து, வால்வை அரைத்து, வெளியேற்று வால்வு இருக்கைகளுக்குக் கடின வளையம் போடுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தது, இப்போதைய பெற்றோலில் அந்த இருக்கைகள் தேயும். பூட்டும்போது வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்க 12 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாயிண்ட் 15 தௌ, பிளக் 25 தௌ, சிலிண்டர்கள் சுடும் ஒழுங்கு 1-3-4-2. இதைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள், நான் கதவில் எழுதியிருக்கிறேன்.

ரொறன்ரோ: அப்பா ஊரில் வைத்திருக்கும் பிக்கப்புக்கு அகலமான அலோய் வீல் போட்டு, பதித்து (உயரத்தைக் குறைத்து), மட் கறுப்பு அடிக்க விருப்பம். ஜப்பான் கார் வீல் சரிவருமா?

கறுப்பு உங்கள் விருப்பம், நான் வாதாட வரவில்லை. வீல் விஷயத்தில் மட்டும் கவனம். மொறிஸின் நாலு போல்ற்றும் 4 அங்குல வட்டத்தில் இருக்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். சின்ன ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 100. வீலைத் தூக்கி வைத்தால் உள்ளே போய்விடும், நட்டும் பிடிக்கும், கடைக்காரரும் “சரி” என்பார். ஆனால் நட் மையத்தில் உட்காராமல் சரிந்து நிற்கும், ஓட ஓடத் தளரும். பழைய மினியின் வட்டமும் 4 அங்குலம்தான், ஆனால் அது 10 அங்குல வீல், உங்களுடையது 14. எம்ஜி மிட்ஜெற் காரின் வீல் பொருந்தும். முன்பக்கம் பதிப்பது சுலபம், அங்கே சுருள் ஸ்பிறிங் இல்லை, முறுக்குக் கம்பிதான். அதைக் கழற்றிப் பல் மாற்றிப் பூட்டினால் இறங்கும். எங்கள் ஒழுங்கைப் பள்ளங்களை நினைத்துக்கொண்டு இறக்குங்கள்.

மட்டக்களப்பு: அண்ணா, நான் தனியாகத்தான் வேலை செய்கிறேன், யூரியூப் பார்த்துப் படித்தது. பிறேக் முதல் மிதியில் அடிவரை போகிறது, இரண்டாவது மிதியில் பிடிக்கிறது. மாஸ்ரர் சிலிண்டர் மாற்ற வேண்டுமென்கிறார்கள்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள் தங்கச்சி. இரண்டாவது மிதியில் பிடிக்கிறதென்றால் அநேகமாக பிறேக் சூ (டிரம்மை உள்ளேயிருந்து அமத்துகிற கட்டை) டிரம்மிலிருந்து தூர நிற்கிறது, முதல் மிதி அந்தத் தூரத்தைக் கடக்கவே போய்விடுகிறது. முன் சில்லுகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்ரர் உண்டு, பலர் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு விட்டுவிடுவார்கள். சில்லைத் தூக்கி, அது இறுகும்வரை திருப்பி, சுற்றக்கூடிய அளவுக்கு மட்டும் பின்னால் தளர்த்துங்கள். பின் சில்லுக்கும் அப்படியே. அதற்குப் பிறகும் மிதி அடிவரை போனால் பிறேக் குழாயிலுள்ள காற்றை எடுங்கள். மாஸ்ரர் கடைசி. அது சாரதியின் காலுக்குக் கீழே, செசிக்குள் ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறது. அதன் போல்ற்றை வெளியே இழுக்க முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். நான் அந்த இரண்டு போல்ற்றுக்கு இரண்டு நாள் செலவழித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கக்கூடாத வார்த்தைகளும் கேட்டார்.

பிறேக் குழாய் ஒன்றுதான் என்பதையும் மறக்காதீர்கள். இந்தக்கால வண்டிபோல முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இல்லை, ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சில்லும் போச்சு. அதனால் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

திருகோணமலை: புது ரேடியோ பூட்டினேன், புகை வந்தது.

பொசிற்றிவ் எர்த். பற்றரியின் ப்ளஸ்தான் பொடியில் பூட்டியிருக்கிறது, நீங்கள் மைனஸ் என்று நினைத்து ரேடியோவின் கறுப்பு வயரைப் பொடியில் கொடுத்திருப்பீர்கள். மாற்றலாம், அரை நாள் வேலை. பற்றரியைத் திருப்பி வையுங்கள், கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள், டைனமோவின் ‘எஃப்’ முனையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பொடியில் பூட்டாத பக்கத்திலிருந்து ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று தரம் ‘சட் சட்’ என்று தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான், டைனமோ புதுத் திசையைப் பழகிக்கொள்ளும். ஸ்ராட்டர் மோட்டருக்கு எப்பக்கமென்றாலும் ஒன்றுதான். இதைச் செய்துவிட்டு ‘இப்போது நெகற்றிவ் எர்த்’ என்று பொனற்றுக்குள் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், அடுத்து வருகிறவன் பாவம்.

கண்டி: என்னிடம் மொறிஸ் மைனர் கார்தான் இருக்கிறது. பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப் ஆக்கலாமா?

மேலே சொன்னேனே, காருக்குச் செசி இல்லை. கூரையும் பின் பொடியும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன. வெட்டினால் நடுவில் தொய்ந்து கதவு பூட்டாமல் போகும். பதிவிலும் வாகன வகை மாறும். நல்ல காரைக் கெடுக்காதீர்கள்.

சாவகச்சேரி: ஸ்ரியரிங் கனக்கிறது, திருப்பும்போது முன்பக்கம் ‘கிரீச்’ என்கிறது. ஓட்டலாமா?

இதை வாசித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஓட்டாதீர்கள். முன் சில்லைத் தாங்குகிற நிமிர்ந்த துண்டின் மேலும் கீழும் மரை வெட்டியிருக்கிறது, அந்த மரையில் ட்ரனியன் என்கிற ஒரு துண்டு ஏறி நிற்கிறது, ஸ்ரியரிங் திருப்பும்போது அது மரையிலேயே சுற்றுகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும், சில்லு மட்காட்டுக்குக் கீழே மடிந்துபோகும்.

எனக்கு நடந்தது. பெயின்ற் அடித்த மிதப்பில் கிறீஸ் நிப்பிளுக்கு (கிறீஸ் ஏற்றுகிற சின்ன முனை) மேலும் சேர்த்து அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு கிறீஸ் கன் வைத்து அமத்தும்போதெல்லாம் கிறீஸ் உள்ளே போகாமல் பக்கத்தால் வழிந்தது, நான் அதைப் பார்த்து ‘நிறைந்துவிட்டது’ என்று நினைத்தேன். ஒரு காலை கோயில் வீதி முடக்கில் திரும்பும்போது இடது முன்பக்கம் தொம்மென்று நிலத்தில் இருந்தது. நல்ல வேளை, இரண்டாம் கியரில்தான் போய்க்கொண்டிருந்தேன். கழற்றிப் பார்த்தால் மரை, சவர அலகுபோல மெலிந்து ஒரு பக்கம் முற்றாக வழுக்கை.

1000 மைலுக்கு ஒரு தரம், முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு, புதுக் கிறீஸ் மறுபக்கத்தால் வெளியே வரும்வரை அடியுங்கள். வராவிட்டால் நிப்பிளைக் கழற்றி மாற்றுங்கள். ட்ரனியனும் அந்த நிமிர்ந்த துண்டும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், கொழும்பு பஞ்சிகாவத்தையில் (வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள இடம்) தேடியும் பார்க்கலாம். மற்றச் சாமான்கள் பலவற்றைப் பழையதாகப் பூட்டலாம், இதைப் பழையது வாங்காதீர்கள்.

மன்னார்: நட்டெல்லாம் வழுக்குகிறது, 13 ஸ்பனர்தான் போடுகிறேன். சின்னச் சாமான்களின் கறளை எடுக்க என்ன வழி?

உங்கள் நட் அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். 13 போட்டால் மூலை தேயத்தான் செய்யும். அங்குல ஸ்பனர் செற் ஒன்று வாங்குங்கள். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றலாம்.

கறளுக்குப் பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர், சலவைச் சோடா, பற்றரி சார்ஜர் போதும். கறள் சாமான் மைனஸில், உதவாத இரும்புத் துண்டு ஒன்று ப்ளஸில், இரண்டும் தொடாமல் ஒரு இரவு. ப்ளஸில் எவர்சில்வர் போடாதீர்கள், தண்ணீர் நஞ்சாகும். வெளியில் வைத்துச் செய்யுங்கள், வருகிற குமிழி ஐதரசன்.

நல்லூர்: நிசான் சனி ஏ12 எஞ்சின் போட்டால் நல்லா இழுக்கும் என்கிறார்கள். உங்கள் கருத்து?

இழுக்கும். 1171 சிசி, நல்ல எஞ்சின், கியர் பொக்ஸும் மென்மையானது. ஆனால் உங்களுடையது 1962க்கு முந்தியதென்றால் முன் பிறேக் டிரம் 7 அங்குலம். அதற்குப் பிறகு 1098 சிசி எஞ்சின் வந்தபோது கொம்பனியே 8 அங்குலமாக்கியது, ஏனென்று யோசியுங்கள். பிறேக்கை முதலில் மாற்றுங்கள், எஞ்சினைப் பிறகு. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியாவிட்டால் விற்கும் நாளில் அழுவீர்கள். நான் 948ஐயே வைத்திருக்கிறேன், எனக்கு அவசரமாகப் போக இடமில்லை.

கோயம்புத்தூர்: இங்கே அம்பாசடர் பாகங்கள் நிறையக் கிடைக்கும், அனுப்பட்டுமா?

அன்புக்கு நன்றி. அம்பாசடர் மொறிஸ் ஒக்ஸ்போர்டிலிருந்து வந்தது, மைனரின் பெரியண்ணன், பொடித் தகடு ஒன்றும் ஏறாது. ஐம்பதுகளில் உங்கள் ஊரில் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று ஓடியதுதான் மைனர். அது எங்காவது கிடந்தால் சொல்லுங்கள்.

பருத்தித்துறை: சரி அண்ணை, எல்லாம் முடிந்தது, பெயின்ற் எப்போது அடிக்கலாம்?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வேண்டாம். ஈரக் காற்றில் தின்னர் பெயின்ற் காயும்போது பால் சிந்தியதுபோல வெளிறும். வைகாசிக்குப் பிறகு சோளகம் (தென்மேற்குக் காற்று), கொட்டகைக்குள்ளும் புழுதி தேடி வரும். மாசி, பங்குனிதான் நல்லது, காலை ஒன்பது மணிக்குப் பிறகு, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு. ஹாடினர் கலக்கிற பெயின்ற் என்றால் வீட்டில் அடிக்காதீர்கள், துணியை மூக்கில் கட்டி அதன் நஞ்சைத் தடுக்க முடியாது, பெயின்ற் அடிக்கிற கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

பின் தட்டுக்கு நான் இடித்த வீட்டுக் கூரையிலிருந்து எடுத்த பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) வரிசையாகப் பூட்டியிருக்கிறேன். இரண்டு துளை அலகு முறிந்தது, ஆனால் சீமெந்து மூட்டை போட்டாலும் கீறல் விழாது. அதற்குக் கீழேயுள்ள தகட்டுக்கு வருகிற மாசியில் இரண்டாம் கோட் அடிக்க வேண்டும். சுன்னாகத் தம்பி அதற்குள் செசியைக் குத்திப் பார்த்து எத்தனை ஓட்டை என்று எழுது.